காரில் ஆரஞ்சு விளக்கு எரிகிறதா? ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன் இந்த எண்களைப் பாருங்கள்

சர்வீஸ் சென்டரில் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு எஸ்டிமேட் வருகிறது. "ஆக்சிஜன் சென்சார் ஃபால்ட் சார். மாத்தணும். லேபரோட சேர்த்து இவ்வளவு ஆகும்." நீங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். அந்த சென்சார் காரில் எங்கே இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு நாளாக டேஷ்போர்டில் இன்ஜின் வடிவ ஆரஞ்சு விளக்கு எரிந்தது உண்மை. "ஓகே, மாத்திடுங்க" என்று டைப் செய்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறீர்கள்.

சில நேரம் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். சில நேரம் பத்து நாளில் அதே விளக்கு மறுபடி எரியும். பணமும் போய், பழைய கோளாறும் அப்படியே இருக்கும்.

இப்படி ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஸ்கேனரில் வந்த கோடில் சென்சாரின் பெயர் இருக்கிறது, அதனால் சென்சார்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்கிறார்கள். புகார் கொடுக்க வந்தவரையே பிடித்து உள்ளே வைப்பது மாதிரி. அந்த சென்சார் உண்மையிலேயே பழுதா, அல்லது வேறு எதையோ சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறதா என்பதைப் பிரித்துப் பார்க்க எண்கள் இருக்கின்றன. அவை உங்கள் காரிலேயே இருக்கின்றன. (இந்தக் கட்டுரை பெட்ரோல் கார்களுக்கு. டீசல் கதை வேறு.)

அந்த சென்சார் என்னதான் செய்கிறது?

இன்ஜினில் இருந்து புகை வெளியேறும் குழாயில், ஸ்பார்க் ப்ளக் மாதிரி திருகி வைக்கப்பட்டிருக்கும் ஒரு சின்னப் பொருள்தான் ஆக்சிஜன் சென்சார். அதன் நுனியில் ஜிர்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானதும் இந்தப் பீங்கான் வேலை செய்யத் தொடங்கும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவு எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ, அதற்கேற்ப ஒரு சின்ன மின்னழுத்தம் உண்டாகும். புகையில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்றால் 0.9 வோல்ட் அளவு. தாராளமாக மிச்சம் இருந்தால் 0.1 வோல்ட் அளவு. அவ்வளவுதான் அது சொல்லும் செய்தி.

அந்தச் செய்தியை வைத்துத்தான் காரின் கம்ப்யூட்டர், அதாவது இசியு, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று கூடுதலாக இருந்தால் மெக்கானிக்குகள் 'லீன்' என்பார்கள், பெட்ரோல் கூடுதலாக இருந்தால் 'ரிச்'. சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நச்சு வாயுக்களைச் சுத்தம் செய்ய வேண்டுமானால், கலவை இந்த நடுப்புள்ளியை ஒட்டியே இருக்க வேண்டும். 1976-ல் பாஷ் நிறுவனம் தயாரித்த இந்த சென்சார் அமெரிக்கச் சந்தைக்கான வால்வோ கார்களில் முதலில் வந்தது. இன்று பிஎஸ்6 பெட்ரோல் கார் எதுவும் இது இல்லாமல் கிடையாது.

பொதுவாக ஒரு காரில் இரண்டு இருக்கும். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது சென்சார் 1. பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது இதுதான். பின்னால் இருப்பது சென்சார் 2. கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிப்பது இதன் முக்கிய வேலை. மைலேஜ் குறைகிறது என்று போனால், சென்சார் 2-ஐ மாற்றச் சொன்னால் அங்கேயே நிறுத்தி ஒரு கேள்வி கேட்கலாம். எஸ்டிமேட்டில் வெறுமனே 'ஓ2 சென்சார்' என்று மட்டும் போட்டிருந்தாலும் முதல் கேள்வி அதுதான்: ஒன்றா, இரண்டா?

கோடை முதலில் கையில் வாங்குங்கள்

இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்4 கார்களில் ஓபிடி-2 என்ற தன்கண்காணிப்பு முறை இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் மாட்டும் ப்ளூடூத் கருவி சில நூறு ரூபாயில் இருந்து ஆன்லைனில் கிடைக்கிறது. மொபைலில் ஒரு ஆப் போட்டால், சர்வீஸ் சென்டர் ஸ்கேனர் பார்க்கும் அடிப்படை எண்களை நீங்களும் பார்க்கலாம்.

முதல் வேலை, கோடை ஸ்க்ரீன்ஷாட் எடுப்பது. கூடவே 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒரு பக்கம் இருக்கும். கோளாறு பதிவான அந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், இன்ஜின் சூடு எல்லாம் என்னவாக இருந்தன என்ற பதிவு அது. சர்வீஸ் சென்டர்களில் பல நேரம் முதல் காரியமாகக் கோடை அழித்துவிடுவார்கள். விளக்கு அணைந்துவிடும், தடயமும் போய்விடும். எதையும் அழிக்கும் முன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கோடுகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. பி0135 என்றால் சென்சார் 1-க்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் சிக்கல். பி0141 என்றால் சென்சார் 2-ன் ஹீட்டர். இவை மின்சாரம் சம்பந்தப்பட்டவை என்பதால் ஓரளவு நேரடியானவை. பி0133 என்றால் சென்சார் 1 மெதுவாகப் பதில் சொல்கிறது என்று அர்த்தம். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரில் இது வந்தால் சென்சார் மீது சந்தேகப்பட நியாயம் இருக்கிறது.

ஆனால் பி0171 அப்படி இல்லை. 'கலவை லீனாக இருக்கிறது' என்பதே அதன் முழு அர்த்தம். சென்சார் கெட்டது என்று அதில் எங்கும் எழுதவில்லை. பி0172 அதற்கு நேர் எதிர், ரிச். பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. இந்த மூன்றுக்கும் சென்சாரை மாற்றச் சொல்வது அடிக்கடி நடக்கிறது. செய்தி கொண்டு வந்த ஆளை மாற்றினால் செய்தி மாறாது.

ட்ரிம் என்ற எண் சொல்லும் கதை

நான் தினமும் எக்ஸெல் ஷீட்டோடு மல்லுக்கட்டும் ஆள். எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்தது ஃப்யூவல் ட்ரிம். இசியு தன் கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலில் இருந்து எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதே இந்த எண். உடனடி மாற்றத்தைக் காட்டுவது ஷார்ட் டெர்ம், பழகிப்போன மாற்றத்தைக் காட்டுவது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பிளஸ் 10-க்கும் மைனஸ் 10-க்கும் நடுவில் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. பிளஸ் 20, 25 என்று போனால் இசியு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

ஏன் கொட்டுகிறது? இன்ஜின் நன்றாகச் சூடானதும் காரை நியூட்ரலில் வைத்து, ஐடிலிங்கில் ட்ரிம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஐடிலிங்கில் பிளஸ் 22, ரேஸ் பண்ணினால் பிளஸ் 5 என்று இறங்கினால், எங்கோ ஒரு ஹோஸ் கிழிந்து காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம். ஐடிலிங்கில் இன்ஜின் குறைவாக மூச்சு இழுப்பதால், அந்தச் சின்ன ஓட்டை பெரிய பங்காகத் தெரியும். வேகம் கூடக்கூட அதன் பங்கு கரைந்துவிடும். மாறாக, மேட்டில் ஏறும்போதும் அழுத்தி ஓட்டும்போதும்தான் பிளஸ் ஏறுகிறது என்றால் ஃப்யூவல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

என் கதையும் இதுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹேட்ச்பேக். பி0171 வந்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் சென்சார் 1-ஐ மாற்றினார்கள், 7,000 ரூபாய்ச் சொச்சம் ஆனது. ஒன்பதாவது நாள் விளக்கு திரும்பி வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் மரத்தடியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்து, காதைக் கொடுத்துக் கேட்டார். "புஸ்ஸுனு ஒரு சத்தம் வருது பாருங்க" என்றார். விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸ், கீழ்ப்பக்கம் வெடித்திருந்தது. கூலியோடு 300 ரூபாய். கழற்றிய பழைய சென்சாரை சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிட்டு வந்தது இன்னும் உறுத்துகிறது. அது நல்ல சென்சார்.

இங்கே இ20 பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாட்டில் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டிவிட்டதாக மத்திய அரசு 2025-ல் அறிவித்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைவான காற்றே போதும். 10 சதவீதக் கலப்பில் சுமார் 14.1 என்று இருக்கும் காற்று விகிதம், 20 சதவீதக் கலப்பில் சுமார் 13.5 ஆகிறது. அதாவது அதே காற்றுக்கு 4 முதல் 5 சதவீதம் கூடுதல் எரிபொருள். இ10-க்காக டியூன் செய்யப்பட்ட பழைய காரில் ட்ரிம் அந்த அளவுக்கு பிளஸ் பக்கம் நகர்ந்தால், அது கோளாறு இல்லை, சென்சார் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். மைலேஜ் கொஞ்சம் குறைந்ததற்கும் சென்சாரைப் பிடிக்காதீர்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

சரி, சென்சாரையே சோதிப்பது எப்படி?

ஆப்பில் சென்சார் 1-ன் வோல்டேஜை கிராஃபாகப் போடுங்கள். கார் 15 நிமிடமாவது ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால், கோடு 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில் ஈசிஜி மாதிரி மேலும் கீழும் துள்ள வேண்டும். நொடிக்கு ஒரு முறையாவது. அப்படித் துள்ளினால் சென்சார் உயிரோடு, சுறுசுறுப்பாக இருக்கிறது. (மலிவான கருவிகள் மெதுவாகத்தான் தரவைப் படிக்கும். அதனால் ஆப்பில் மற்ற எண்களை எல்லாம் நீக்கிவிட்டு இதை மட்டும் வைத்துப் பாருங்கள்.) சோம்பலாக, நாலைந்து நொடிக்கு ஒரு முறை அலை எழும்பினால் வயதாகிவிட்டது.

கோடு 0.1-லேயே படுத்துக் கிடந்தால்? சென்சார் செத்திருக்கலாம், உண்மையிலேயே லீனாகவும் இருக்கலாம். ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்து உடனே விடுங்கள். மிதித்ததும் பெட்ரோல் பாயும், கோடு 0.9 பக்கம் குதிக்க வேண்டும். விட்டதும் பெட்ரோல் நிற்கும், 0.1 பக்கம் விழ வேண்டும். இரண்டும் சட்டென்று நடந்தால் சென்சார் நல்லவர். என்ன செய்தாலும் அசையவில்லை, அல்லது 0.45 வோல்ட்டிலேயே கோடு போட்ட மாதிரி நிற்கிறது என்றால், சென்சார் அல்லது அதன் வயரிங்கில்தான் பிரச்சினை.

ஒரு எச்சரிக்கை. பல புதிய கார்களில் சென்சார் 1 'வைட்பேண்ட்' வகை. அது துள்ளாது. ஆப்பில் வோல்ட்டுக்குப் பதில் லாம்டா என்று 1.00-ஐ ஒட்டி நேராகக் காட்டும். அதுதான் அதற்கு ஆரோக்கியம். இதைத் தெரியாமல் "கிராஃபே வரல, டெட் ஆயிடுச்சு" என்று சொல்பவர்களும் உண்டு. சென்சார் 2-ம் அப்படித்தான், 0.6, 0.7 வோல்ட்டில் அமைதியாக இருப்பதே சரி. அது முன்னால் இருப்பதைப் போலவே துள்ள ஆரம்பித்தால் கன்வெர்ட்டர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பி0420 அங்கிருந்துதான் வருகிறது.

ஹீட்டர் கோடு என்றால் முதலில் ஃப்யூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வயர். நம் ஊர்களில் பார்க்கிங்கில் நிற்கும் காருக்குள் எலி புகுந்து வயரைக் கடிப்பது சாதாரணம். ஃப்யூஸும் வயரும் சரி என்றால், கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஹீட்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே அளக்கலாம். ஆறிய சென்சாரில் சில ஓம்ஸ் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. மறுபேச்சு இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

பியூசி சீட்டு ஒரு இரண்டாவது சாட்சி

செய்தி அறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே எண்ணைத் தொடர்பில்லாத இரண்டு இடத்தில் சரிபார்ப்பது. காருக்கும் அது முடியும், ஆனால் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனையில் பிஎஸ்4 மற்றும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2,500 ஆர்பிஎம் அளவில் இன்னொரு சோதனை உண்டு. அதில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம், லாம்டா 0.97 முதல் 1.03 வரை. இந்த லாம்டாவை அளப்பது உங்கள் காரின் சென்சார் அல்ல, அந்தக் கடையில் இருக்கும் தனிக் கருவி.

இப்போது யோசியுங்கள். உங்கள் காரில் ட்ரிம் பிளஸ் 20. ஹோஸ் கிழிந்து காற்று உண்மையிலேயே கூடுதலாகப் போயிருந்தால், இசியு கூடுதல் பெட்ரோல் ஊற்றிச் சமன் செய்திருக்கும். வெளியே வரும் புகையில் லாம்டா 1-ஐ ஒட்டியே இருக்கும். ஆனால் சென்சார் பொய்யாக 'லீன்' என்று சொல்லியிருந்தால், தேவையில்லாத பெட்ரோல் போயிருக்கும். லாம்டா 1-க்குக் கீழே இறங்கும், கார்பன் மோனாக்சைடு ஏறும். ஒரே கோடு, இரண்டு காரணம், பியூசி கருவி இரண்டையும் பிரித்துவிடுகிறது. வண்டியை நிஜமாகவே 2,500-ல் பிடித்து சோதிக்கும் கடையாகப் பார்த்துப் போக வேண்டும் என்பதுதான் சிக்கல். நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்து சீட்டு தருபவரிடம் போய்ப் பயனில்லை.

ஒரு விதிவிலக்கு: சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசலோ கேஸ்கெட் கசிவோ இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதையும் 'லீன்' என்று நினைக்கும். மிஸ்ஸிங் அடிக்கும் இன்ஜினிலும் எரியாத ஆக்சிஜன் அப்படியே வந்து சென்சாரைக் குழப்பும். ஆகவே சென்சாரைத் தொடும் முன் ஸ்பார்க் ப்ளக், காயில், சைலன்சர் ஜாயிண்ட் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம்?

விளக்கு நிலையாக எரிந்தால் இரண்டு மூன்று நாள் நிதானமாகப் பார்க்கலாம். மினுக் மினுக் என்று அணைந்து எரிந்தால் ஓட்டாதீர்கள். மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதை எரித்துவிடும். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் இருப்பதால் விலை சென்சாரைப் போலப் பல மடங்கு. சென்சார் உண்மையிலேயே கெட்டிருந்தாலும் மாதக்கணக்கில் விட்டால் போய்ச் சேரும் இடம் அதேதான். செல்லுபடியாகும் பியூசி இல்லாமல் பிடிபட்டால் 2019 சட்டத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சோதனை எல்லாம் முடிந்து சென்சார்தான் குற்றவாளி என்று தெரிந்தால், தாராளமாக மாற்றுங்கள். மாற்றும்போது நுனியில் கிரீஸோ சிலிகான் பசையோ படக் கூடாது. கனெக்டருக்குள் ஸ்ப்ரே அடிக்கவும் விடாதீர்கள், பல சென்சார்கள் வெளிக்காற்றைத் தன் வயர் வழியாகத்தான் இழுக்கின்றன. கழற்றிய பழையதைக் கேட்டு வாங்குங்கள். நுனி கறுப்புக் கரி என்றால் ரிச்சாக ஓடியிருக்கிறது. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சிலிகானோ கூலன்ட்டோ உள்ளே போயிருக்கிறது. அப்படியென்றால் கூலன்ட் கசிவைக் கண்டுபிடிக்காமல் புதுசைப் போட்டால், அதுவும் அதே வழியில் போகும்.

காரை வெளியே எடுத்ததும் ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். பிறகு அதே ஐடிலிங், அதே 2,500 ஆர்பிஎம், அதே ஆப். ட்ரிம் கீழே இறங்கியிருந்தால் வேலை நடந்திருக்கிறது. அப்படியே பிளஸ் 22-ல் நின்றால், மாற்றுவதற்கு முன் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டையும் இதையும் சேர்த்து, எஸ்டிமேட் வந்த அதே வாட்ஸ்அப் சாட்டில் போட்டுவிடுங்கள்.